பிளாக்விங்கா, எம்5-ஆ? வாசகர் கேள்வி - பதில்

சூப்பர்சார்ஜர் பூட்டிய 6.2 லிட்டர் வி8, ஆறு கியர் மேனுவல், பின்சக்கர இழுவை, நான்கு கதவு. காடிலாக் சிடி5-வி பிளாக்விங் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்ததே இல்லை. ஆனாலும் இந்த மாதக் கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். 2021 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025 மாடலில் 33 அங்குலத் திரையோடு முகம் மாற்றிக்கொண்ட இந்த அமெரிக்க வண்டிக்கு ஒன்று, அதன் போட்டியான பி.எம்.டபிள்யூ. எம்5-க்கு ஒன்று என்று சென்னையில் இரண்டு கட்சி இருக்கிறது. இரண்டு பக்கமும் சூடாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அண்ணா நகர் வாசகர்: பிளாக்விங் 668 குதிரைத்திறன், புதிய பி.எம்.டபிள்யூ. எம்5 727. இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்கிறார் என் மைத்துனர். சரிதானா?

முதலில் இரண்டையும் ஒரே படியால் அளக்கச் சொல்லுங்கள். 668 என்பது அமெரிக்கர்கள் சொல்லும் எச்.பி. 727 என்பது ஜெர்மானியர்களின் பி.எஸ். பிளாக்விங்கை பி.எஸ். கணக்கில் சொன்னால் 677 வரும். இல்லையென்றால் எம்5-ஐ 717 எச்.பி. என்று எழுத வேண்டும். இரண்டு நாட்டுக் கையேடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போடுபவர்கள் பலர் இங்கேயே சறுக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது எடை. மேனுவல் பிளாக்விங் ஏறத்தாழ 1,870 கிலோ. எம்5-இல் பேட்டரி, மின்மோட்டார், நான்கு சக்கர இழுவை எல்லாம் சேர்ந்து 2,435 கிலோ. டன்னுக்கு எவ்வளவு பவர் என்று பார்த்தால் காடிலாக் 362 பி.எஸ்., எம்5 299 பி.எஸ். உங்கள் மைத்துனரின் வாதம் இங்கே தலைகீழாகிறது.

ஆனால் அதோடு காடிலாக் ஜெயித்துவிட்டது என்றும் எழுதிவிட முடியாது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது 893 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைத் திருப்பும் விசை) முழுவதையும் பின்னாலுள்ள இரண்டு டயர்தான் தாங்க வேண்டும். 305 மி.மீ. அகல டயரே ஆனாலும் முதல் இரண்டு கியரில் பிடிமானம்தான் எல்லை. எம்5 அதே வேலையை நான்கு டயருக்குப் பங்கு போடுகிறது. சிக்னலில் அது முந்தும். 100 கி.மீ. தாண்டிய பிறகும், வளைவுக்குள் பிரேக் பிடித்துத் திரும்பும்போதும் எடை கணக்குக் கேட்கும். 200 கி.மீ. வேகத்திலிருந்து 100-க்கு இறங்க, 1,870 கிலோ வண்டியின் பிரேக் சுமார் 21.6 லட்சம் ஜூல் ஆற்றலை வெப்பமாக விழுங்க வேண்டும். 2,435 கிலோ வண்டிக்கு அது 28 லட்சத்தைத் தாண்டும். மின்மோட்டார் அதில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும், மிச்சம் டிஸ்க்கின் தலையில்தான்.

மயிலாப்பூர் வாசகர்: காடிலாக் 3.4 வினாடி, எம்5 3.5 வினாடி. நிறுவனங்களே சொல்லும் கணக்கு இது. அப்படியானால் கிளம்புவதிலும் காடிலாக்தானே முன்னால்?

அந்த 3.4 ஆட்டோமேட்டிக் வண்டிக்கு, அதுவும் 0 முதல் 60 மைல் வரை. 60 மைல் என்பது 96.6 கி.மீ. எம்5-இன் 3.5 வினாடி 0 முதல் 100 கி.மீ. வரை. மீதி மூன்றரை கிலோமீட்டர் வேகத்தைக் கூட்ட இன்னும் ஒரு பத்தில் ஒரு பங்கு வினாடியாவது ஆகும். இன்னொரு சூட்சுமமும் உண்டு. அமெரிக்கப் பத்திரிகைகள் சோதிக்கும்போது வண்டி முதல் ஒரு அடி உருண்ட பிறகுதான் கடிகாரத்தைத் தட்டும், அதிலேயே 0.2 முதல் 0.3 வினாடி மறைந்துவிடும். ஆகவே அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலிருந்தும் வரும் எண்களை அரை வினாடிக்குள் வைத்து ஒப்பிடாதீர்கள்.

ஆவடி வாசகர்: பிளாக்விங் என்பது எஞ்சினின் பெயர்தானே?

இல்லை. அந்தப் பெயரில் ஒரு எஞ்சின் இருந்தது: 4.2 லிட்டர் இரட்டை டர்போ வி8. அது சிடி6 வண்டியோடு முடிந்துபோனது. சிடி5-வி பிளாக்விங்கில் இருப்பது எல்.டி.4 என்ற வேறு எஞ்சின். தம்பி வண்டியான சிடி4-வி பிளாக்விங்கில் 3.6 லிட்டர் இரட்டை டர்போ வி6, 472 எச்.பி.

சோழிங்கநல்லூர் வாசகர்: சொந்தமாக இறக்குமதி செய்தால் சென்னைத் துறைமுகத்தில் இறக்கி ஓட்டலாமா? மொத்தம் எவ்வளவு ஆகும்?

பணம் பேசுவதற்கு முன்னால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இந்திய இறக்குமதிக் கொள்கைப்படி புது வண்டிக்கு வலப்பக்க ஸ்டீயரிங் வேண்டும், ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் இருக்க வேண்டும், ஹெட்லைட் ஒளி இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றபடி விழ வேண்டும். புது வண்டி இறங்க அனுமதி பெற்ற துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் சிடி5 இடப்பக்க ஸ்டீயரிங்கோடுதான் தயாராகிறது. கதை அங்கேயே நின்றுவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 120-ஆம் பிரிவில், சிக்னல் கருவி இருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியை ஓட்டலாம் என்று இருக்கிறதே என்று சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அது சாலையில் ஓட்டுவது பற்றிய சட்டம். சுங்கத்தில் வண்டியை விடுவிக்க அது உதவாது.

வெளிநாட்டில் பதிவான வண்டியைச் சுற்றுலாவுக்காகக் கார்னே என்ற சுங்க உத்தரவாதப் பத்திரத்தின் பேரில் தற்காலிகமாகக் கொண்டுவர வழி உண்டு. கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். இங்கே விற்க முடியாது, தமிழ்நாட்டு நம்பரும் வாங்க முடியாது.

வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வரும் வேறு வண்டி என்றால் கணக்கு இப்படி. கப்பல் கூலி, காப்பீடு சேர்த்து வந்து இறங்கும் விலை 1 கோடி ரூபாய் என்று வையுங்கள். அடிப்படைச் சுங்கம் 70 சதவீதம், வேளாண் உள்கட்டமைப்பு வரி 40 சதவீதம்: 2.10 கோடி. அதன் மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி. 84 லட்சம்: 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அது ஏறத்தாழ 59 லட்சம். ஆக மூன்றரைக் கோடி. இன்சூரன்ஸ் தனி.

அதே வாசகர்: வெளிநாட்டில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றித் தருகிறார்களாமே?

ஸ்டீயரிங் ரேக், பெடல் தொகுதி, பிரேக் பூஸ்டர், டாஷ்போர்டு, ஏர்பேக், வைப்பர் இணைப்பு, ஹெட்லைட் என்று எல்லாம் இடம் மாற வேண்டும். வலப்பக்கத்தில் ஸ்டீயரிங் தண்டு இறங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வி8-இன் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கொதித்துக்கொண்டிருக்கும். மோதல் சோதனை எதுவும் அந்த மாற்றிய வண்டிக்குச் செய்யப்பட்டதல்ல. மாற்றிய வண்டிக்குத் தயாரிப்பாளரின் சான்றிதழும் கிடைக்காது. அந்தச் செலவில் சென்னையிலேயே, மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் கோக்கப்படும் பி.எம்.டபிள்யூ. எம்340ஐ ஒன்றை வாங்கி, டயருக்கும் டிராக் கட்டணத்துக்கும் பல வருடம் செலவழிக்கலாம். அதுதான் என் கட்சி.

கே.கே. நகர் வாசகர்: அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிக்குக் குறைந்தது 91 ஆக்டேன் பெட்ரோல் போடச் சொல்கிறார்கள். நம் பங்கில் சாதா பெட்ரோலே 91 என்றுதானே இருந்தது? அங்கிருந்து வரும் எந்த ஸ்போர்ட்ஸ் காருக்கும் இங்கே சாதாவே போதும் அல்லவா?

எஞ்சினைக் கெடுக்கும் தவறான கணக்கு இது. ஒரே எண், இரண்டு அளவுகோல். இந்தியாவில் பங்கில் எழுதியிருப்பது ரான் அளவு. அமெரிக்கப் பங்கில் எழுதியிருப்பது ரான், மான் என்ற இரண்டு சோதனைகளின் சராசரி. அது எப்போதும் நான்கு ஐந்து எண் குறைவாகவே இருக்கும். அவர்களின் 87 நம் பழைய 91-க்குச் சமம். அவர்களின் 91 இங்கே 95 அல்லது 96. அவர்களின் 93 இங்கே 97, 98.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர், அதற்கு மேல் 10-க்கு 1 கம்ப்ரெஷன். இந்த எஞ்சினில் ஆக்டேன் குறைந்த பெட்ரோலை ஊற்றினால் தீப்பொறி மூட்டிய தீ வந்து சேரும் முன்பே கலவை ஆங்காங்கே வெடிக்கப் பார்க்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கைப் பின்னால் இழுக்கும். உடனே எஞ்சின் உடையாது. பவர் குறையும், எரிதல் தாமதமாவதால் எக்ஸாஸ்ட் சூடு ஏறும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும். அதிகச் சுமையில், குறைந்த ஆர்.பி.எம்.மில் முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால்தான் ஆபத்து அதிகம்: மேம்பாலத்தில் ஆறாவது கியரில் ஏற முயல்வது போல. ஒரு டேங்க் தவறிப் போட்டுவிட்டால், அது தீரும்வரை 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே அழுத்தி மிதிக்காமல் ஓட்டுங்கள்.

எத்தனாலும் உண்டு. அமெரிக்காவில் பொதுவாக 10 சதவீதக் கலப்பு, இங்கே இ20. சுத்தப் பெட்ரோல் எரிய ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.5 அளவில் போதும். அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டர் அதிகம் ஊற்ற வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும், ஆனால் அந்தத் திருத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. இ10-க்கு மட்டும் உத்தரவாதம் தந்த வண்டியில் ஸ்கேனரை மாட்டி, அந்தத் திருத்தத்தைச் சதவீதத்தில் காட்டும் நீண்டகால ஃப்யூயல் டிரிம்மைப் பாருங்கள். பிளஸ் 10-ஐத் தாண்டி நிலையாக நின்றால் எத்தனாலை மட்டும் குறை சொல்லாதீர்கள். இன்ஜெக்டர் அடைப்பு, காற்றுக் கசிவு, பம்ப் அழுத்தம் மூன்றையும் சோதியுங்கள். வாரக்கணக்கில் மூடிப் போடும் வண்டிக்கு டேங்கை நிரப்பி வையுங்கள். கால் டேங்கில் மேலே இருக்கும் காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சும். கடற்கரை ஊரில் அது வேகமாக நடக்கும்.

தாம்பரம் வாசகர்: மே மாத வெயிலில் இந்த 668-இல் எவ்வளவு மிஞ்சும்?

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் பவர் அளவு 25 டிகிரி வெப்பத்தில், 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தில் எடுக்கப்படுவது. சென்னையில் கடற்காற்று வீசும் பிற்பகல், 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வையுங்கள். நீராவி மட்டுமே கிட்டத்தட்ட 4 கிலோபாஸ்கலைப் பிடித்துக்கொள்ளும். வெப்பத்தால் காற்று விரிவதையும் சேர்த்தால் ஒவ்வொரு மூச்சிலும் எஞ்சினுக்குள் போகும் உலர்காற்று 5 சதவீதம் குறைகிறது.

அது மட்டும் என்றால் பெரிதில்லை. எல்.டி.4-இல் 1.7 லிட்டர் ஈட்டன் சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பள்ளத்தில், இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. அழுத்தும்போது காற்று சூடாகும். அந்தச் சூட்டை ஒரு தனிக் கூலன்ட் சுற்று வாங்கி, முன்னாலிருக்கும் சிறு ரேடியேட்டரில் கொண்டுபோய் விட வேண்டும். ஜெமினி மேம்பாலம் ஏறும் முன் கால்மணி நேரம் நின்று நின்று வந்தால் அந்தச் சுற்றே சூடேறிக் கிடக்கும். அப்போது முழு ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் முதல் சில வினாடிக்குக் காகிதத்தில் எழுதியது கிடைக்காது. வண்டி நல்ல வேகத்தில் சில நிமிடம் ஓடிக் காற்று வாங்கிய பிறகுதான் சரியாகும். இந்தக் கூலன்ட் சுற்றை ஓட்டும் இன்டர்கூலர் பம்ப் ஓடுகிறதா, அந்தச் சுற்றில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்பதையே மெக்கானிக்குகள் பல நேரம் பார்ப்பதில்லை. சூப்பர்சார்ஜர் பூட்டிய எந்த வண்டியிலும் "பிக்கப் போச்சு" என்ற புகாருக்கு முதலில் திறந்து பார்க்க வேண்டிய மூடி அந்தத் தனிக் கூலன்ட் டேங்க்தான். சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள்.

வேளச்சேரி வாசகர்: நீளமான, தாழ்வான செடான் நம் ஸ்பீடு பிரேக்கரில் அடி இடிக்குமா? சாய்த்து ஏற்றினால் தப்புமா?

இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டிய ஸ்பீடு பிரேக்கர் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். சிடி5-இன் வீல்பேஸ் 2,947 மி.மீ. நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேலேயே நிற்கும் தருணத்தில் நடுவயிற்றுக்கு வேண்டிய இடைவெளி 64 மி.மீ.தான். எந்த ஸ்போர்ட்ஸ் செடானும் இதைத் தாண்டிவிடும், மெதுவாகப் போனால்.

தெருவில் நாம் பார்ப்பது வேறு. ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரமாக, மீதியிருந்த தாரைக் கொட்டி எழுப்பியது. அதன் மேல் வயிறு வரும்போது நான்கு சக்கரமும் தரையில் இருக்கும். முழு 150 மி.மீ. வேண்டும். சாய்த்து ஏற்றினால் முன் பம்பரின் கீழ்விளிம்பு தப்பும், ஏனென்றால் ஒரு சக்கரம் முன்கூட்டியே ஏறி மூக்கைத் தூக்கிவிடும். வயிறு தப்பாது. மேடு எப்படியும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஒருமுறை வந்தே தீரும். பின்சீட்டில் ஆள் இருந்தால் இறக்கிவிடுங்கள், மேட்டின் மேல் பிரேக் மிதிக்காதீர்கள். பிரேக் மிதித்தால் மூக்கு இறங்கும்.

போரூர் வாசகர்: மேனுவல்தான் ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் என்று நான். 10 கியர் ஆட்டோமேட்டிக்தான் வேகம் என்று என் நண்பர். தீர்ப்பு?

வேகத்தில் நண்பர். 0-60 மைலில் 0.2 வினாடி வித்தியாசம். மற்றதில் நீங்கள்.

இந்த டிரெமெக் ஆறு கியர் பெட்டியில் இரட்டைத் தட்டு கிளட்ச். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலேயே கியர் ஏற்றலாம், இறக்கும்போது எஞ்சின் தானே ஆர்.பி.எம்.மைப் பொருத்திக்கொள்ளும். எல்லாம் சரி. கத்திப்பாரா நெரிசலில் அந்த கிளட்சுக்கு எதிரி ஒன்றுதான்: பாதி மிதித்து ஊர்வது. அரை கிளட்சில் தேய்கிற ஒவ்வொரு வினாடியும் தட்டுக்குள் சூடு. ஒரு வண்டி நீளம் இடைவெளி விழும்வரை நின்று, பிறகு கிளட்சை முழுவதும் விட்டு முதல் கியரில் உருளுங்கள். எரிந்த வாடை வந்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, நியூட்ரலில், கிளட்சை மிதிக்காமல் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுங்கள்.

நொளம்பூர் வாசகர்: எம்340ஐ வைத்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் ஓட்ட வேண்டும். பிரேக்குக்கும் டயருக்கும் என்ன செய்ய வேண்டும்?

இந்த இதழின் உருப்படியான கேள்வி. 3.7 கிலோமீட்டர் சுற்றில் இவ்வளவு பவருள்ள வண்டி முதலில் தோற்பது எஞ்சினில் அல்ல, பிரேக் ஆயிலில். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வருடத்துக்கு மேலான ஆயில் என்றால் மாற்றிவிட்டுப் போங்கள். பல புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். தொகுதிக்குள் இருக்கும் ஆயிலை வெளியேற்ற ஸ்கேன் டூல் வேண்டும். நான்கு சக்கரத்திலும் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்து மிதித்து முடித்துவிடும் பட்டறைக்கு விடாதீர்கள்.

பிரேக் பேட் பாதிக்குக் கீழே தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள். மெல்லிய பேட் சூட்டை நேராக பிஸ்டனுக்கும், பிஸ்டன் அதை ஆயிலுக்கும் கடத்தும். புது பேடைப் பழக்க: 80 கி.மீ.யிலிருந்து 20 வரை உறுதியாகப் பிடித்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, எட்டு முதல் பத்து முறை. ஏ.பி.எஸ். வேலை செய்யும் அளவுக்கு மிதிக்க வேண்டாம். பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆற விடுங்கள். இதைப் பொதுச் சாலையில் செய்யாதீர்கள், டிராக்கில் முதல் சில சுற்றை இதற்கே ஒதுக்குங்கள்.

ஓட்டம் இப்படி: ஒரு சுற்று மெதுவாக, மூன்று அல்லது நான்கு சுற்று வேகமாக, ஒரு சுற்று பிரேக் பிடிக்காமல் ஆற்றிக்கொண்டு உள்ளே. பெடல் மெத்தென்று கீழே போனால் ஆயில் கொதித்துவிட்டது. பெடல் கல் போல நின்று வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. இரண்டிலும் உடனே உள்ளே வர வேண்டும். ஆயில் கொதித்தது என்றால் ஆறிய பிறகும் பிரேக் குழாயில் காற்றெடுக்காமல் வீட்டுக்கு ஓட்டக் கூடாது. ஸ்டீயரிங் நடுங்கினால் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று கடைசல் போடத் துடிப்பார்கள். பெரும்பாலும் பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். சூடான டிஸ்க்கோடு ஒரே இடத்தில் பிரேக் மிதித்து நிற்பதாலும் ஹேண்ட் பிரேக் போடுவதாலும் வருவது அது. சமதரையில் பி நிலை போதும்.

டயரில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காற்றழுத்தம் சுமார் 1.5 பி.எஸ்.ஐ. ஏறும். காலையில் 30 டிகிரியில் 32 வைத்தால், உள்ளே காற்று 80 டிகிரி ஆகும்போது 40-ஐ நெருங்கியிருக்கும். டயர் நடுவில் மட்டும் பிடித்து வழுக்கும். சொந்த கேஜ் எடுத்துப் போங்கள். உள்ளே வந்தவுடன், டயர் சூடாக இருக்கும்போதே அளந்து, நான்கிலும் 36 அளவுக்கு இறக்குங்கள். பக்கவாட்டில் ரப்பர் உருண்டு தேய்ந்த தடம் எழுத்துவரை வந்திருந்தால் இறக்கியது அதிகம். டயர் பக்கத்திலுள்ள கடைசி நான்கு எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத் தயாரிப்பு. பட்டன் ஆழம் எவ்வளவு இருந்தாலும் அந்த வயது டயரை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள்.

வீல் போல்ட்டை டார்க் ரெஞ்சு வைத்து 140 நியூட்டன் மீட்டரில், ஆறிய பிறகு சரிபாருங்கள். சாதாரண கார் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. டிராக்கில் சுவரில் உரசினால் செலவு முழுவதும் உங்களுடையது. கிளம்பும் முன் நான்கு டயரிலும் மறுபடி காற்றடித்து, பிறகு பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுங்கள். சூட்டில் இறக்கிய காற்று மறுநாள் காலை 28 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில்தான் காட்டும்.